வேலை பார்க்கும் இடத்தில் அணி சேர்ந்து விளையாடப் போய் அசடு வழிந்த அனுபவம் உண்டா?

உண்டு. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, கோடை கோடையாக வழிந்திருக்கிறேன்.

நான் அமெரிக்காவில், ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்டில் பீர் காய்ச்சுகிறேன். பதினைந்து பேர் வேலை பார்க்கும் சின்ன ப்ரூவரி. வேலூரில் இருக்கும் சொந்தக்காரர்களைக் கேட்டால் "ஏதோ ஃபுட் கம்பெனி" என்பார்கள். அம்மா அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். பார்லியும் கோதுமையும் சாப்பாட்டுச் சாமான்தானே, அவர் சொன்னதில் பொய் இல்லை.

இந்த ஊரில் வருஷத்தில் பாதி நாள் மழையும் மேகமும்தான். ஜூன் பிறந்ததும் ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், வீட்டுக்குள் ஒருவரும் தங்க மாட்டார்கள். காபிக்கொட்டை வறுக்கிறவர்கள், அச்சகத்துக்காரர்கள், பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவர்கள் என்று ஆளாளுக்கு ஒரு சாஃப்ட்பால் அணி வைத்திருப்பார்கள். சாஃப்ட்பால் என்றால் பேஸ்பாலுக்குத் தம்பி மாதிரி. இந்த மாதிரி ஆட்டங்களுக்கு இங்கே 'பீர் லீக்' என்றே பெயர். பீர் லீக்கில் பீர் காய்ச்சுகிறவன் இல்லாவிட்டால் எப்படி என்று எங்கள் ஹெட் ப்ரூவர் ஒரு நாள் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். பத்துப் பேர் வேண்டும். எண்ணிப் பார்த்ததில் ஒன்பது பேர் தேறினார்கள். அப்புறம் நான்.

"நீ கிரிக்கெட் ஆடியவன்தானே, மட்டை பிடிக்கத் தெரியுமே?" என்று கேட்டார். தெரியும் என்று தலையை ஆட்டினேன். அங்கேதான் சனி பிடித்தது.

சாஃப்ட்பால் 1887இல் சிகாகோவில் ஒரு படகுக் கிளப்பின் ஹாலுக்குள் பிறந்த ஆட்டம். குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கட்டையால் அடித்திருக்கிறார்கள். இதைப் படித்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. தென்னை மட்டையைச் செதுக்கி ஆடிய பரம்பரை நாம், துடைப்பக் கட்டையா பெரிது? போதாததற்கு பந்து வேறு 12 அங்குலச் சுற்றளவு, சாத்துக்குடியைவிடப் பெரிசு. அதையும் கீழ்க்கையால் மெதுவாக மேலே தூக்கிப் போடுகிறார்கள். ஃபுல்டாஸ்! அல்வா என்று நினைத்தேன்.

முதல் பந்து. முட்டி போட்டு அழகாக ஒரு ஸ்வீப். ஃபைன் லெக் பக்கம் பறந்தது. எங்கள் தெருவாக இருந்தால் நாலு ரன், இங்கே ஃபவுல். பின்பக்கம் எவ்வளவு அழகாக அடித்தாலும் செல்லாதாம். சரி, நிதானமாக ஆடுவோம் என்று அடுத்த பந்தை நேராகத் தடுத்துக் காலடியில் விழ வைத்தேன். தலை குனிந்து, முழங்கை உயர்த்தி, பாடப் புத்தகத்தில் போடலாம் போல ஒரு டிஃபென்ஸ். நிமிர்ந்து பந்து போட்டவரைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தேன். அதற்குள் எங்கள் ஆட்கள் மொத்தப் பேரும் "ஓடு, ஓடு" என்று கத்துகிறார்கள். எதற்கு ஓட வேண்டும்? பின்னால் நின்ற கேட்சர் சாவகாசமாகப் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு, அதாவது நான் ஓடிப்போய்த் தொட வேண்டிய இடத்துக்கு, எறிந்தார். நான் அவுட். பந்து முன்பக்கம் விழுந்தால் ஓடித்தான் ஆக வேண்டும், 'வேண்டாம், நில்' என்று சொல்லும் உரிமை இந்த ஆட்டத்தில் கிடையாது.

இரண்டாவது முறை உண்மையாகவே நன்றாக அடித்தேன். ஓடவும் செய்தேன், மட்டையோடு. அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. பந்து வருவது தெரிந்ததும் பாய்ந்து, கையை நீட்டி, கிரீஸில் வைப்பது போல மட்டையின் நுனியை பேஸ் மேல் வைத்தேன். கால் இரண்டடி பின்னால் இருந்தது. அம்பயர் மட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மட்டை செல்லாது தம்பி, கால்தான் செல்லும்" என்கிற பொருளில், ரொம்ப மரியாதையாக, அவுட் கொடுத்தார். மறுநாள் நான் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) மூட்டை தூக்கும்போதும், வால்வு திறக்கும்போதும், சாண்ட்விச் தின்னும்போதும் எவனாவது ஒருவன் "மட்டையைக் கீழே போடு" என்றான். இன்றைக்கும் சொல்கிறான்கள்.

ஃபீல்டிங்கில் கொஞ்சம் மானம் தப்பியது. இடக்கையில் மாட்டும் அந்தத் தோல் கையுறை எனக்கு ஒத்துவரவே இல்லை. ஒரு கேட்ச் உயரமாக வந்தபோது கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கையால் பிடித்தேன். எதிரணியும் சேர்ந்து கை தட்டியது. உள்ளங்கை காய்த்துப் போனதற்கு என் வேலைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ஒரு தடவை பீர் காய்ச்சச் சுமார் 250 கிலோ மால்ட் போடுவோம். முடிந்ததும் அது முழுவதும் ஈரச் சக்கையாகத் தொட்டியில் கிடக்கும். சுரண்டி வெளியே தள்ளி மாட்டுப் பண்ணைக்கு அனுப்புவது என் பொறுப்பு.

எங்கள் லீக்கில் இன்னொரு விதி உண்டு. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் வேலிக்கு வெளியே அடித்தால் அவுட். இதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எதிர் வீட்டு மாமியின் மாடிக்குப் பந்து போனால் அவுட் என்ற சட்டம் இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

கிக்பாலும் ஆடிப் பார்த்தோம். இதே ஆட்டம்தான், மட்டைக்குப் பதில் கால், ஒரு பெரிய சிவப்பு ரப்பர் பந்து. ஓடுகிறவன் மேல் பந்தை எறிந்தும் அவுட் ஆக்கலாம். எங்கள் கணக்குப் பார்க்கும் அம்மணி என் முதுகில் எறிந்த எறிக்குப் பிறகு அதை விட்டுவிட்டேன்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். "வேலூர்க்காரன், எனக்கு இதெல்லாம் வெயிலா?" என்று நான் பீற்றிக்கொண்டிருந்த வேளையில் 2021 ஜூன் 28 வந்தது. போர்ட்லேண்டில் 46.7 டிகிரி செல்சியஸ். அந்த வெயில் நாட்களில் ஸ்ட்ரீட்கார் என்கிற டிராம் வண்டியின் மின்கேபிளே உருகிப் போனது. பயிற்சி கிடக்கட்டும், தொட்டிகளைக் குளிர்விக்கும் இயந்திரம் மூச்சு வாங்கியது. நான் குளிர் அறைக்குள் பீர் பீப்பாய்களுக்கு நடுவே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாக பூட்ஸ் கதை. இன்னொரு ப்ரூவரியோடு ஆட்டம். தோற்றவர்கள் ஜெயித்தவர்களின் பீரை ஒரு வாரம் தங்கள் கடையில் விற்க வேண்டும் என்று பந்தயம். அன்று பார்த்து கோதுமை பீர் காய்ச்சும் நாள். கோதுமைக்கு உமி கிடையாது, அதனால் தானியம் களிமண் போல இறுகிக்கொண்டு சாறு கீழே இறங்காது. இதற்கு மருந்து நெல் உமி. ஆமாம், இங்கே நெல் உமியை மூட்டை மூட்டையாகக் காசு கொடுத்து வாங்குகிறோம். பாட்டி இருந்திருந்தால் சிரித்திருப்பார். அன்று அந்த உமியைப் போட மறந்தவன் நான்தான். வடிவதற்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக ஆனது. கோடையில் குழாய்த் தண்ணீரும் வெதுவெதுப்பாக வரும் என்பதால் கொதித்த சாறு ஆறவும் நேரம் பிடித்தது. ஈஸ்ட் போட்டு முடித்து, ரப்பர் பூட்ஸோடு அப்படியே ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது ஏழாவது, கடைசி இன்னிங்ஸ். ஒரு ரன் பின்தங்கியிருந்தோம், இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆள் போனால் ஆட்டம் முடிந்தது.

அடித்தேன். மட்டையைக் கீழே போட்டேன். பாதி தூரத்தில் வலது கால் பூட்ஸ் கழன்று எனக்கு முன்னால் பறந்து போய், முதல் பேஸ் மேலேயே உட்கார்ந்தது. பேஸில் நின்றவர் பந்தைப் பிடிப்பதா பூட்ஸைப் பார்ப்பதா என்று ஒரு நொடி தடுமாறினார். அந்த நொடியில் என் ஈரக் காலுறை பேஸைத் தொட்டது. அதே அம்பயர். குனிந்து பார்த்து, "பூட்ஸ் செல்லாது" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஆனால் காலும் வந்துவிட்டது. சேஃப்."

அடுத்த ஆள் அடித்த முதல் பந்தே கேட்ச். தோற்றோம். ஒரு வாரம் அவர்கள் பீரை நானே குழாய் மாட்டி ஊற்றினேன். நன்றாகவே இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.