பெருக்குவதா, வகுப்பதா? நீள அளவைக் கணக்கில் திணறும் பிள்ளைக்கு

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு. வெறும் பெருக்கல், வகுத்தலைத் தப்பில்லாமல் போடுகிறாள். அதையே மீட்டர், செ.மீ. கலந்து வாக்கியக் கணக்காகக் கொடுத்தால், 100-ஆல் பெருக்குவதா வகுப்பதா என்று குழம்பிவிடுகிறாள். எப்படிச் சொல்லிக் கொடுப்பது?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: விதியை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், பரீட்சைப் பதற்றத்தில் அது தலைகீழாகிவிடும். தையல் டேப்பைக் கையில் கொடுங்கள். மேசையின் நீளத்தை முதலில் இன்ச்சில் அளக்கட்டும், பிறகு டேப்பைத் திருப்பி செ.மீ.யில் அளக்கட்டும். 48 இன்ச் இருந்தால் மறுபக்கம் ஏறக்குறைய 122 காட்டும். மேசை அதேதான், அலகு சிறுத்ததால் எண் கூடியது. இனி எந்தக் கணக்கானாலும், பேனாவை எடுக்கும் முன் "எண் கூடுமா, குறையுமா?" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். கூடினால் பெருக்கல், குறைந்தால் வகுத்தல்.

இப்போது ஒரு கணக்கு. கடலூர் முதுநகரில் ஒரு படகுக்காரரிடம் 3 மீ. 5 செ.மீ. கயிறு இருக்கிறது. 40 செ.மீ. துண்டுகளாக வெட்டினால் எத்தனை கிடைக்கும்?

பெரும்பாலான பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான்: 3.5 மீ. என்று எழுதிவிடுவார்கள். அது 350 செ.மீ.; விடை 8 துண்டு என்று வந்துவிடும். 3 ரூபாய் 5 பைசாவை 3.05 என்று எழுதுவதுபோல இதுவும் 3.05 மீ. புள்ளி வைத்து எழுதவே வேண்டாம் என்பேன். எல்லாவற்றையும் கணக்கில் உள்ள மிகச் சிறிய அலகுக்கு முதலிலேயே கொண்டுவந்துவிடுங்கள்: 300 + 5 = 305 செ.மீ. 305-ஐ 40-ஆல் வகுத்தால் ஈவு 7, மீதி 25. விடை 7 துண்டு. மீதி 25 செ.மீ. பாதிக்கு மேல் இருக்கிறதே என்று 8 ஆக்கிவிடக் கூடாது. அந்தத் துண்டு 40 செ.மீ.க்கு எட்டாது.

அடி, இன்ச் வந்தால் கடன் வாங்குவதில் கவனம். 7 அடி 4 இன்ச்சிலிருந்து 2 அடி 9 இன்ச் கழிக்கும்போது, ஒரு அடியை உடைத்தால் வருவது 12 இன்ச், 10 கிடையாது. எனவே 6 அடி 16 இன்ச்சிலிருந்து கழித்து, 4 அடி 7 இன்ச். உயரத்தை 5.6 என்று பேச்சில் சொல்கிறோம், கணக்கில் 5.6 அடி என்றால் 5 அடி 7.2 இன்ச்.

இது பழகியபின் இரண்டு படிக் கணக்கு கொடுங்கள். நம் மீனவர்கள் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். ஒரு பாகம் 6 அடி. 12 பாகம் எத்தனை மீட்டர்? 12 × 6 = 72 அடி. ஒரு அடி 30.48 செ.மீ., ஆக 2194.56 செ.மீ. மீட்டருக்கு வரும்போது எண் குறைய வேண்டும்: 21.95 மீ., சுமாராக 22. விடை 2,19,456 என்று வந்திருந்தால், கடைசிப் படியில் வகுப்பதற்குப் பதில் பெருக்கியிருக்கிறாள். அந்த ஒரு வரியை மட்டும் திரும்பப் போடச் சொன்னால் போதும்.