‘அப்புறம் ஒப்புக்கொடுக்கிறேன்’: இரண்டு கேள்விகள்

கேள்வி: சபைக்குத் தவறாமல் போகிறேன், வேதமும் வாசிக்கிறேன். ஒரு கெட்ட பழக்கத்தை விட்ட பிறகு ஆண்டவருக்கு என்னை ஒப்புக்கொடுக்கலாம் என்றிருக்கிறேன். சிலுவையில் தொங்கிய கள்ளனைக் கடைசி நேரத்தில் ஏற்றுக்கொண்டாரே, எனக்கு மட்டும் என்ன அவசரம்?

பதில்: சகோதரரே, அந்தக் கள்ளன் நாள் தள்ளிப்போட்டதாக வேதம் எங்கும் சொல்லவில்லை. மத்தேயு 27:44-ன்படி இரண்டு கள்ளர்களும் இயேசுவை நிந்தித்தார்கள். அவர்களில் ஒருவன் அந்தச் சில மணி நேரத்துக்குள்ளேயே மனந்திரும்பினான். கையில் இருந்ததே அவ்வளவுதான், அதை அவன் விடவில்லை.

உங்கள் நிலைக்குக் கிட்ட இருப்பவன், பவுலைக் காவலில் வைத்திருந்த ரோம தேசாதிபதி பேலிக்ஸ் (அப்போஸ்தலர் 24). நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பவுல் பேசியபோது பயந்தான். “எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்” என்று அனுப்பிவிட்டான். பிறகு அழைக்காமல் இல்லை, பல தடவை அழைத்துப் பேசினான். பவுலிடமிருந்து பணம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில். இரண்டு வருடம் கழித்து அவன் பதவி மாறியபோதும் பவுல் காவலிலேயே கிடந்தார். பேலிக்ஸ் மறுபடியும் பயந்ததாக ஒரு வரிகூட இல்லை. தாமதம் செய்கிற கேடு இதுதான்: வசனம் காதில் விழுந்துகொண்டே இருக்கும், உள்ளே உறைப்பது நின்றுவிடும். எபிரெயர் 3:13 அதைத்தான் ‘கடினப்பட்டுப்போதல்’ என்கிறது.

பழக்கத்தை முதலில் விடுவேன் என்பது தலைகீழ் வரிசை. தீத்து 2:11, 12-ல் கிருபை முதலில் வருகிறது, அதுவே தீமையை வெறுக்கக் கற்றுக்கொடுக்கிறது. வரி வசூலிக்கும் சகேயு (லூக்கா 19) மரத்திலிருந்து இறங்கி இயேசுவைச் சந்தோஷமாய் ஏற்றுக்கொண்ட பிறகுதான் ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை என்று எண்ணிச் சொன்னான்.

ஆகவே இன்று இரவே உங்கள் சொந்த வார்த்தைகளில் ஜெபியுங்கள். ‘என் பாவங்கள்’ என்று பொதுவாகச் சொல்லாமல் அந்தப் பழக்கத்தின் பெயரைச் சொல்லி அறிக்கையிடுங்கள். கண்ணீர் வரவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். ‘இனி ஒருநாளும் செய்யமாட்டேன்’ என்ற பொருத்தனையும் வேண்டாம். இந்த வாரத்துக்குள் போதகரிடமோ முதிர்ந்த விசுவாசி ஒருவரிடமோ சொல்லிவிடுங்கள். ரகசியமாக வைத்த தீர்மானம் சீக்கிரம் தளர்ந்துபோகும். யாருக்காவது பணம் திருப்பித் தரவேண்டியிருந்தால் தொகையையும் தேதியையும் எழுதி வையுங்கள். மறுபடி விழுந்தால் ஒப்புக்கொடுத்ததே பொய் என்று எண்ணிப் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்கிற 1 யோவான் 1:9 விசுவாசிகளுக்கு எழுதப்பட்டது. அதே நாளில் அறிக்கையிட்டு எழும்புங்கள்.

கேள்வி: கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று இயேசுவே சொன்னாரே?

பதில்: சொன்னார். பயமுறுத்தி வாங்கும் தீர்மானம் நிலைக்காது என்பதால் அது தேவையான எச்சரிப்புதான். ஆனால் அடுத்த உவமையையும் சேர்த்து வாசியுங்கள் (லூக்கா 14:31, 32). பதினாயிரம் பேரை வைத்திருக்கும் ராஜா, இருபதினாயிரம் பேரோடு வருகிறவனை எதிர்க்க முடியாது என்று கண்டால், எதிரி இன்னும் தூரத்தில் இருக்கும்போதே ஆள் அனுப்பிச் சமாதானம் கேட்கிறான். கணக்குப் பார்க்க அவனுக்குக் கிடைத்த நேரம் அந்தத் தூரம் மட்டும்தான்.