ஹவுரா ரயிலில் வந்த கிழங்குக்கு மெக்சிகோ சாலட்

கேள்வி: பக்கத்து வீட்டு வங்காள அம்மா ஊருக்குப் போய்விட்டு ஹவுரா ரயிலில் திரும்பும்போது நாலு கிழங்கு கொண்டுவந்து கொடுத்தார். மண்ணிறத் தோல், பம்பரம் மாதிரி உருவம், உள்ளே வெள்ளை. "சாங்காலு, பச்சையாகவே சாப்பிடலாம்" என்றார். கல்லூரியில் படிக்கும் என் மகள் இது மெக்சிகோவின் ஜிகாமா என்று கண்டுபிடித்து, மெக்சிகன் சாலட்தான் வேண்டும் என்று நிற்கிறாள். வீடியோக்களில் காட்டும் சாமான்களில் பாதி இங்கே கிடைப்பதில்லை. மயோனைஸும் சீஸும் இல்லாமல் செய்ய முடியுமா? மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது, அவருக்குக் கொடுக்கலாமா? – புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்கள் மகள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள் அம்மா. வங்காளத்துச் சாங்காலுவும் மெக்சிகோவின் ஜிகாமாவும் ஒரே கிழங்கு. அந்த ஊரில் அதை 'ஹீக்கமா' என்று உச்சரிப்பார்கள். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி, பிறந்த இடம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. ஸ்பானியர்கள்தான் இதைப் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுவந்தார்கள், அப்புறம் ஆசியாவில் பரவியது. நம் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்கிறோமே, அது மணிலாக்கொட்டை என்ற பேர் தேய்ந்து வந்ததுதான். அதுவும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த பயிர். அதையும் இந்தச் சாலடில் சேர்க்கச் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. அடையாளம் தெரியாத கிழங்கு எதையும் பச்சையாகக் கடித்துப் பார்க்கவே கூடாது. சேனையும் சேம்பும் பச்சையாக நாக்கில் பட்டால் தொண்டை வரைக்கும் அரிக்கும். மரவள்ளி அதைவிட மோசம், பச்சையாகத் தின்றால் அதிலிருந்து சயனைடு உண்டாகும். உங்களுக்குக் கிடைத்தது கொடுத்தவருக்கே நன்றாகத் தெரிந்த பண்டம். வங்காள வீடுகளில் சரஸ்வதி பூஜைப் பிரசாதத்தட்டில் பழங்களோடு பழமாக இது இருக்கும். ஆகவே பயம் வேண்டாம். ஆனாலும் வெட்டியதும் ஒருமுறை பாருங்கள். மரவள்ளி நீளமாக இருக்கும், நடுவில் நார் ஓடும். ஜிகாமா உருண்டையாக இருக்கும், வெட்டிய முகம் பேரிக்காய் போல ஈரமாக மினுங்கும், நடுவில் நார் இருக்காது. அரைமணி நேரம் வெளியே கிடந்தாலும் கறுக்காது.

இன்னொன்று, இந்தச் செடியில் கிழங்கு மட்டும்தான் உணவு. விதை, முற்றிய காய், இலை எல்லாவற்றிலும் ரோட்டினோன் என்ற நஞ்சு இருக்கிறது. பூச்சிகளையும் மீன்களையும் கொல்லும் பொருள் அது. மொட்டைமாடித் தொட்டியில் ஒன்றை நட்டுப் பார்க்கலாமே என்று உங்களுக்கு ஆசை வரலாம். நடுங்கள், ஆனால் காய்த்தால் அவரைக்காய் என்று நினைத்துக் குழம்பில் போட்டுவிடாதீர்கள்.

சரி, தோல். பலரும் தவறுவது இங்கேதான். உருளைக்கிழங்கு சீவும் பீலரால் இழுத்தால் மேலே உள்ள பழுப்புத் தோல் மட்டும் வரும். அதற்கு அடியில் காகிதம் மாதிரி ஒரு நார்ப்படலம் ஒட்டிக்கொண்டிருக்கும், அது பல்லில் மாட்டும். நான் ஹோட்டல் சமையலறையில் சேர்ந்த புதிதில் இந்தப் படலத்தோடு ஒரு தட்டு முழுக்க நறுக்கி அனுப்பிவிட்டேன். பாதித் துண்டுகள் மென்று துப்பியபடி திரும்பி வந்தன. அதிலிருந்து கத்தியால்தான் உரிக்கிறேன். தலைப் பக்கம் ஒரு வில்லை வெட்டிவிட்டு, கத்தி முனையைத் தோலுக்கு அடியில் கொடுத்துப் பிடித்துக் கீழ்நோக்கி இழுங்கள். நல்ல கிழங்காக இருந்தால் பட்டை பட்டையாக நாரோடு சேர்ந்து கழன்று வரும். விரலால் தடவினால் சொரசொரப்பு இருக்கக் கூடாது. பிறகு சுண்டுவிரல் தடிமனில் குச்சி குச்சியாக நறுக்குங்கள். துருவ வேண்டாம். கறுக்மொறுக் என்று கடிபடுவதற்காகத்தான் இந்தக் கிழங்கையே தின்கிறோம், துருவினால் வெறும் தண்ணீர்தான் மிஞ்சும்.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். கடற்கரைச் சாலையில் காந்தி சிலைப் பக்கமோ கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையிலோ மாங்காய்க்காரரிடம் நின்றிருப்பீர்கள். மாங்காயைப் பூப்போலக் கீறி, மிளகாய்த்தூளும் உப்பும் தடவிக் கொடுப்பார். வெள்ளரிக்கும் அதே தூள். மெக்சிகோவின் தெருவண்டிகளில் ஜிகாமாவை விற்பதும் கிட்டத்தட்ட இப்படியேதான், மேலே எலுமிச்சை பிழிவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஹலிஸ்கோ மாநிலத்தில் ஜிகாமா, ஆரஞ்சு, வெள்ளரி மூன்றையும் சேர்த்து எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் போட்டுச் செய்யும் சாலடுக்கு 'பீக்கோ தெ காயோ' என்று பேர், சேவலின் அலகு என்று அர்த்தம். அதில் மயோனைஸ் கிடையாது, சீஸ் கிடையாது, ஐஸ்பர்க் லெட்யூஸ் கிடையாது. வீடியோக்களில் அவற்றைக் கொட்டுவது துரித உணவுக் கடைகளின் பழக்கம். குளிர்ந்த, நீர்ப்பிடிப்புள்ள ஏதோ ஒன்று, அதன்மேல் புளிப்பு, உப்பு, காரம். இந்த மூன்றும் நாக்கில் ஒன்றாகப் பட்டால் அது மெக்சிகோ சாலட்தான் என்று நான் தைரியமாகச் சொல்வேன்.

எலுமிச்சைக்காக அலையவே வேண்டாம். மெக்சிகன் லைம் என்று அவர்கள் கொண்டாடுகிற சின்னக் காய், பெரிய மார்க்கெட்டில் நாம் வாங்கும் அதே சின்ன எலுமிச்சை இனம்தான். ஆசியாவிலிருந்து அங்கே போனது. கொத்தமல்லியும் அப்படித்தான் போனது. பதிலுக்கு மிளகாய் அங்கிருந்து இங்கே வந்தது. இந்தக் கணக்கில் உங்கள் அஞ்சறைப்பெட்டியும் காய்கறிக் கூடையும் ஏற்கெனவே பாதி மெக்சிகோ.

கவனம் வேண்டியது மிளகாயில். சாம்பாருக்கு அரைத்த தூளைப் போடாதீர்கள், அதில் தனியாவும் பருப்பும் சேர்ந்திருக்கும், பச்சைக் காயின்மேல் மாவு மாதிரி அப்பும். கடைத் தனிமிளகாய்த்தூளாக இருந்தாலும் பச்சை வாசனை அடிக்கும். ஆகவே இப்படிச் செய்யுங்கள். காஷ்மீரி மிளகாய் நாலு எடுத்துக் கிள்ளி விதையை உதறிவிடுங்கள். தோசைக்கல்லை மிதமான சூட்டில் வைத்து, மிளகாயைப் பரப்பி, கரண்டியின் பின்புறத்தால் அழுத்துங்கள். பத்துப் பன்னிரண்டு விநாடி ஒரு பக்கம், திருப்பி இன்னொரு பக்கம். நிறம் கொஞ்சம் ஆழமாகி, மூக்கில் உலர்ந்த திராட்சை போல ஒரு வாசனை ஏறும்போது எடுத்துவிடுங்கள். கறுத்தால் கசப்புதான், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வறுங்கள். மெக்சிகோ சமையலறையில் கோமால் என்ற தட்டைக் கல்லில் இதையேதான் செய்கிறார்கள், அது நம் தோசைக்கல்லின் உறவுக்காரன். ஆறியதும் அரை ஸ்பூன் கல் உப்போடு உரலில் கொரகொரப்பாக இடியுங்கள். மிளகாய், எலுமிச்சை, உப்பு சேர்த்து ஹலிஸ்கோவிலிருந்து 1985 முதல் புட்டியில் வருகிற 'தஹீன்' தூளைத்தான் வீடியோக்களில் தூவுவார்கள். நீங்கள் இடித்தது அதைவிட மணமாக இருக்கும், எனக்குச் சந்தேகமில்லை.

இனி சேர்ப்பது. தோல் நீக்கியபின் அரைக்கிலோ அளவுக்கு ஜிகாமாக் குச்சிகள் என்றால், ஒரு வெள்ளரி, ஒரு கமலா ஆரஞ்சு, ஒரு சின்னப் பெரியவெங்காயம். வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, ஒரு எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுப் பிசைந்து கால்மணி நேரம் வையுங்கள். காட்டம் இறங்கி, இளஞ்சிவப்பாக மாறும். வெள்ளரியின் நடு விதையைச் சுரண்டி எடுங்கள், இல்லாவிட்டால் கிண்ணத்தின் அடியில் குளம் கட்டும். ஆரஞ்சுச் சுளையின் தோலையும் கொட்டையையும் எடுத்துவிட்டுச் சதையை மட்டும் போடுங்கள். ஆரஞ்சு கிடைக்கவில்லையா, கொஞ்சம் செங்காயாக இருக்கும் மாம்பழமோ அன்னாசியோ போதும். மெக்சிகோவின் யூகத்தான் பக்கம் இதே கிழங்கில் கசப்பு கலந்த புளிப்பு ஆரஞ்சின் சாறு விடுவார்கள். நம் வீட்டு நாரத்தங்காய்ச் சாறு ஒரு ஸ்பூன் விட்டால் அந்தக் கசப்புக்குக் கிட்டே வரலாம். எலுமிச்சைச் சாற்றோடு கலந்து விடுங்கள், தனியாக விட்டால் தூக்கலாகிவிடும்.

எல்லாவற்றையும் தனித்தனியாகக் குளிரவைத்து, சாப்பிட உட்காருவதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் கலக்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இது ரொம்ப முக்கியம். முதலில் வெங்காயம் அதன் சாற்றோடு, பிறகு இன்னொரு எலுமிச்சை, பிறகு காய்கள், ஒரு கைப்பிடி கொத்தமல்லி, கடைசியாக இடித்த மிளகாயுப்பு. எண்ணெய் வேண்டாம். மேலே வறுத்துத் தோல் உதிர்த்த மல்லாட்டை ஒரு கைப்பிடி, ஒன்றிரண்டாக நசுக்கி. அங்கே பூசணிவிதை தூவுவார்கள். பண்ருட்டி முந்திரி வீட்டில் இருந்தால் அதுவும் பரவாயில்லை, ஆனால் இந்தச் சாலடில் முந்திரியின் இனிப்பைவிட மல்லாட்டையின் மண்வாசனைதான் எனக்குப் பிடிக்கும். உங்கள் மகளுக்குக் கொழுப்பாக ஏதாவது இருந்தே ஆகவேண்டும் என்றால் அவகாடோ, அதாவது கொடைக்கானல் பக்கத்திலிருந்து வருகிற வெண்ணெய்ப்பழம், பாதி நறுக்கிப் போடுங்கள். அதுவும் மெக்சிகோவின் பிள்ளைதான்.

மாமியாருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். 100 கிராம் ஜிகாமாவில் சுமார் 38 கலோரி, மாவுச்சத்து 9 கிராமுக்கும் குறைவு, அதிலும் பாதிக்கு மேல் நார்ச்சத்து. உருளைக்கிழங்கோடு வைத்து இதை யோசிக்கவே வேண்டாம். வைட்டமின் சியும் 20 மில்லிகிராம் அளவு இருக்கிறது. அவர் கிண்ணத்தில் மட்டும் ஆரஞ்சைக் குறைத்து வெள்ளரியைக் கூட்டிவிடுங்கள், பிபி இருந்தால் உப்பையும் பாதியாக்குங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: இந்தக் கிழங்கில் இனுலின் என்ற நார்ச்சத்து அதிகம், பழக்கமில்லாத வயிற்றில் நிறையச் சேர்ந்தால் வாயு பிடிக்கும். முதல் தடவை ஒரு சின்னக் கிண்ணம் போதும். பல்லுக்கு வலு இல்லையென்றால் அவருக்கு மட்டும் மெல்லிய வில்லையாக அரியுங்கள்.

மிச்சமுள்ள முழுக் கிழங்குகளை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே பழுப்பேறி ரப்பர் மாதிரி ஆகிவிடும். வெங்காயக் கூடை பக்கத்தில் காற்றோட்டமாகக் கிடக்கட்டும், ஈரம் மட்டும் படக்கூடாது. நறுக்கியதைத் தண்ணீரில் போட்டு மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும், தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

இந்த நாலும் தீர்ந்தபிறகும் மகள் கேட்பாள். அப்போது நூல்கோலை எடுங்கள், பிஞ்சாக, டென்னிஸ் பந்தைவிடச் சின்னதாக. அது ஐரோப்பியக் காய்தான், ஆனால் கடிபடும் விதம் ஜிகாமாவுக்கு ரொம்பக் கிட்டே வரும். சௌசௌவும் செய்யலாம். கூட்டுக்கும் சட்னிக்கும் மட்டும் நாம் பழக்கிவைத்திருக்கும் அந்தக் காய் மெக்சிகோவில் பிறந்தது, பிஞ்சாக இருந்தால் பச்சையாகவே தின்னலாம். தோல் சீவும்போது அதன் பால் கையில் ஒட்டி மரத்துப்போகும், குழாய்த் தண்ணீருக்கு அடியில் பிடித்துச் சீவுங்கள்.

பக்கத்து வீட்டம்மா மறுபடி ஊருக்குக் கிளம்பினால் சின்னக் கிழங்காகப் பார்த்துக் கேளுங்கள், அரைக்கிலோவுக்கு மேல் வேண்டாம். பெரியது முற்றி மாவேறியிருக்கும், நாரும் கூடும். நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே நீர் கசிய வேண்டும். போகும்போது அவருக்கும் ஒரு கிண்ணம் இந்தச் சாலட் கொடுத்தனுப்புங்கள். அவர் வீட்டிலும் இதை உப்பு தொட்டுத் தின்பவர்களாகத்தான் இருப்பார்கள்.