சப்வூஃபர் பெட்டியின் அளவு மாறினால் பேஸ் ஏன் மாறுகிறது?

சப்வூஃபர் என்பது பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிகளுக்கென்றே உள்ள ஸ்பீக்கர். ஏறக்குறைய 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை அதன் வேலை. பெட்டியில்லாமல் ஓடவிட்டால் பேஸ் அநேகமாகக் கேட்காது. ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு வடிவப் பகுதி முன்னால் காற்றைத் தள்ளும் அதே நொடியில் பின்னால் இழுக்கிறது. இரண்டும் கலந்து ஒன்றையொன்று அழித்துவிடும். பெட்டி முதலில் இவற்றைப் பிரிக்கிறது.

சரி, அளவு ஏன் முக்கியம்? மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங் போல வேலை செய்கிறது. ஊசி போடும் சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்துத் தள்ளிப் பாருங்கள். உள்ளே நிறையக் காற்று இருந்தால் பிஸ்டன் எளிதாக நகரும். கொஞ்சமே இருந்தால் அதே தூரத்துக்குப் படாதபாடு பட வேண்டும். சிறிய பெட்டியிலும் இப்படித்தான். காற்று விறைத்துக்கொள்ள, கூம்பு இயல்பாக அதிரும் அலைவெண் மேலேறும். ஆழமான பேஸ் குறைந்து, எந்தப் பாட்டுக்கும் ஒரே மாதிரி 'தும் தும்' என்று முழங்கும். பெட்டி பெரிதானால் ஆழம் கிடைக்கும், ஆனால் கூம்பைப் பிடித்து நிறுத்தும் பலம் குறையும். அதிகச் சத்தத்தில் எல்லை மீறி ஆடிச் சேதமாகலாம். அதனால் பெட்டியின் கொள்ளளவுக்குத் தயாரிப்பாளர் தரும் லிட்டர் கணக்கைத்தான் நான் நம்புவேன்.

அப்புறம், ஸ்பீக்கரைப் பெட்டியில் பொருத்தும்போது விளிம்பில் ஃபோம் டேப் ஒட்டி ஸ்க்ரூக்களைச் சீராக முடுக்குங்கள். காற்று கசிந்தால் அந்த ஸ்பிரிங்கே தளர்ந்துவிடும்.

ஸ்பீக்கர் தரையைப் பார்த்திருந்தால்தான் பேஸ் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே சுமார் 8.5 மீட்டர் என்பதால் முகம் திரும்பும் திசையைவிட, பெட்டி அறையின் மூலையில் இருக்கிறதா நடுவில் இருக்கிறதா என்பதே அதிகம் மாற்றும்.