யூரியாவைக் குறைத்தால் பாசியில் எண்ணெய் கூடுமா?

கேள்வி: சிமென்ட் தொட்டியில் குளோரெல்லா என்ற நுண்பாசி வளர்க்கிறேன். நைட்ரஜன் குறைந்தால் எண்ணெய் கூடும் என்று படித்ததால், முதல் நாளிலிருந்தே யூரியாவைப் பாதியாகக் குறைத்தேன். தண்ணீர் வெளிறி மஞ்சளாகிவிட்டது, அறுவடையும் சொற்பம். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் படித்தது சரி. குறைத்த நேரம்தான் சரியில்லை.

செல் பெருகப் புரதம் வேண்டும், புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும். அது தீர்ந்ததும் செல் பிரிவது நின்றுவிடும். ஆனால் ஒளிச்சேர்க்கை உடனே நிற்காது. உள்ளே வரும் கார்பனைப் புரதமாக்க வழியில்லாததால், செல் அதை மாவுச்சத்தாகவும் எண்ணெயாகவும் சேர்த்துவைக்கிறது. பச்சையத்திலும் நைட்ரஜன் உண்டு. அது சிதைவதால்தான் இந்த மஞ்சள் நிறம்.

சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். லிட்டருக்கு 1 கிராம் உலர்பாசி, அதில் 15% எண்ணெய் என்று வையுங்கள்: 150 மில்லிகிராம். நைட்ரஜன் கொடுக்காமல் பட்டினி போட்டு எண்ணெயை 30% ஆக்கினாலும், பாசி 0.4 கிராமாகச் சுருங்கினால் கிடைப்பது 120 மில்லிகிராம்தான். அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை நடத்திய பாசி எரிபொருள் ஆய்வுத் திட்டத்திலும் இதே சிக்கல் வந்தது: பட்டினியில் எண்ணெய் விகிதம் ஏறியது, வளர்ச்சி விழுந்ததால் மொத்த விளைச்சல் ஏறவில்லை.

ஆகவே முதலில் முழு உரம் கொடுத்து, தண்ணீர் அடர்பச்சையாகும் வரை வளர்த்தெடுங்கள். பிறகு நைட்ரஜனை மட்டும் நிறுத்துங்கள். பாஸ்பரஸ், மெக்னீசியம், இரும்பு குறையக்கூடாது. தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) 9-ஐத் தாண்டினால் பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும், போட்ட உரம் பாசிக்குக் கிடைக்காது. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஒரு கிலோ உலர்பாசிக்கு ஏறக்குறைய 1.8 கிலோ கார்பன் டை ஆக்சைடு தேவை. அதைக் குமிழாக விட்டால் பிஎச்சும் இறங்கும்.

மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் நைட்ரேட் சோதனைப் பெட்டி யூரியாவைக் காட்டாது. நைட்ரஜன் தீர்ந்ததா என்று அளந்து பார்க்க வேண்டுமானால் சோடியம் நைட்ரேட்டுக்கு மாறுங்கள்.

பட்டினிக் காலத்தில் வெயில் எல்லாச் செல்லுக்கும் எட்ட வேண்டும். ஆழம் ஒரு அடிக்கு மேல் போகாமல், ஓயாமல் கலக்கிக்கொண்டே இருங்கள். தினமும் ஒரு லிட்டர் வடிகட்டி, உலர்த்தி எடைபோடுங்கள். எடை ஏறுவது நின்ற பிறகு காத்திருக்காமல் அறுவடை செய்துவிடுங்கள்.

இந்தப் பாசி மீன்குஞ்சுத் தீவனத்துக்கு என்றால் பட்டினியே வேண்டாம், புரதம் போய்விடும்.