டீசல் போட்ட பிறகு திணறும் பிக்கப்

நண்பரே, முதலில் வண்டியை மேற்கொண்டு ஸ்டார்ட் செய்யாதீர்கள். மழை ஓய்ந்த மறுநாள் டீசல் நிரப்பினீர்கள். சில கிலோமீட்டருக்குள் பொலேரோ பிக்கப் இழுக்க மறுக்கிறது, நின்ற இடத்தில் உதறுகிறது. அதுவரை எந்தக் குறையும் இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் மெக்கானிக் சொல்வதுபோல் இப்போதே இன்ஜெக்டரை, அதாவது இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகத்தை, கழற்றுவது வேண்டாத செலவு. என் சந்தேகமெல்லாம் டீசலில் கலந்த தண்ணீர் மீதுதான்.

டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். அதைத் தளர்த்தி, ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். நடுவே கோடு கிழித்ததுபோல் தெரியும். முழுவதும் மோர்போல் கலங்கியிருந்தாலும் தண்ணீர்தான்.

தண்ணீர் இருந்தால், ஃபில்டரை மட்டும் வடித்துவிட்டு ஓட்டாதீர்கள். டேங்கைக் காலி செய்து துடைத்து, புது ஃபில்டர் போட்டு, கைப்பம்பால் காற்றை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜெக்டர்களுக்கு உயர் அழுத்தத்தில் டீசலைத் தள்ளும் காமன் ரெயில் பம்புக்கு டீசலேதான் மசகு. தண்ணீர் புகுந்தால் பம்பும் இன்ஜெக்டரும் உராய்ந்து தேயும், துருவும் பிடிக்கும். அந்தச் செலவைத் தாங்க முடியாது.

தண்ணீர் இல்லையா? பில்லை எடுத்துப் பாருங்கள், தவறுதலாகப் பெட்ரோல் போட்டிருக்கலாம். டேங்க் வற்றும்வரை ஓட்டியிருந்தால் அடிமண்டி ஃபில்டரை அடைத்திருக்கும், அல்லது குழாயில் காற்று ஏறியிருக்கும்.

பில்லையும் பாட்டிலையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, இன்றே பங்க்கில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். டீசலின் அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.