அல்மாத்தியில் வாங்கினால் கசாக் கம்பளம் ஆகிவிடுமா?

கேள்வி: என் மகன் கசகஸ்தானில், அல்மாத்தியில் மூன்றாம் ஆண்டு மருத்துவம் படிக்கிறான். எங்கள் புது வீட்டுக்கு அங்கிருந்து ஒரு நல்ல கம்பளம் வாங்கி வரச் சொன்னேன். அவனுக்கு அறை பார்த்துக் கொடுத்தவரே ஒன்றைக் காட்டியிருக்கிறார். சிவப்பு நிறம், 2 மீட்டருக்கு 3 மீட்டர். "அசல் கசாக், கையால் முடிச்சுப் போட்டது, 120 வருஷம் பழசு" என்கிறார். சான்றிதழும் தருவாராம். விலை 3,50,000 டெங்கே. கூடவே '1910' என்று பூத்தையல் போட்ட சுவர்த் துணி ஒன்று இலவசமாம். படங்கள் அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா ஐயா? (வாசகி, திருச்சி)

பதில்: வாங்க வேண்டாம் அம்மா. முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பியதில் எனக்கு உதவியது மூன்றாவது படம், கம்பளத்தின் ஒரு மூலை மடங்கிக் கிடப்பது. குஞ்சத்துக்குச் சற்று மேலே நேர்கோட்டில் ஒரு மெஷின் தையல் ஓடுகிறது பாருங்கள். கையால் நெய்த கம்பளத்தில் குஞ்சம் என்பது பாவு நூலின் மீதி. தறியிலிருந்து அறுத்து இறக்கும்போது இரண்டு முனையிலும் தொங்குமே, அதுதான். அதைத் தனியாகக் கொண்டுவந்து தைக்க வேண்டிய வேலையே இல்லை. பின்பக்கமும் கஞ்சி போட்டதுபோல் விறைத்து, பசை பூசிப் பளபளக்கிறது. இது ஆலைச் சரக்கு. இப்படிப்பட்ட ஆலைத் தறியில் இரண்டு கம்பளங்களை முகத்துக்கு முகம் பார்த்தபடி சேர்த்து நெய்து, நடுவில் ஓடும் கத்தியால் இரண்டாகப் பிளப்பார்கள். முடிச்சு என்பதே அதில் கிடையாது.

அடுத்தது 'கசாக்' என்ற பெயர். கம்பள வியாபாரத்தில் நூறு வருஷத்துக்கு மேலாகப் புழங்கும் 'கசாக்' என்ற சொல்லுக்கும் கசகஸ்தானுக்கும் சம்பந்தமில்லை. அது காஸ்பியன் கடலுக்கு மேற்கே, காக்கசஸ் மலைப்பகுதியில், இன்றைய அசர்பைஜானின் வடமேற்கு மூலையில் இருக்கும் கசாக் என்ற ஊரை வைத்து வந்த பெயர். அந்த வட்டாரத்து அசர்பைஜானியரும் ஆர்மீனியரும் நெய்த, பெரிய பெரிய கட்டங்களும் நட்சத்திரங்களும் கொண்ட கம்பளங்களுக்குத்தான் உலகச் சந்தையில் மதிப்பு. அதே டிசைனை 1990-களிலிருந்து பெஷாவரிலும் ஆப்கானிஸ்தானிலும் நெய்து 'கசாக்' என்றே விற்கிறார்கள். அவை கைவேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெயரை ஆலைச் சரக்கின் மேல் ஒட்டி, அல்மாத்தியில் நிற்கும் வெளிநாட்டுப் பையனிடம் "எங்கள் நாட்டுக் கம்பளம்" என்று சொல்வது ஏமாற்று வேலை. பெயரை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம், கேட்பார் இல்லை என்ற நிலை எத்தனை வருஷமாக நீடிக்கிறது! கசகஸ்தானின் கசாக் மக்களும் கிர்கிஸ் மக்களும் கூடார வீடு கட்டும் அறிவை 2014-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நல்ல காரியம். கடையில் பணத்தோடு நிற்கிறவருக்கு மட்டும் எந்தப் பாதுகாப்பும் வரவில்லை.

அப்படியானால் கசாக் மக்களின் சொந்தச் சரக்கு எது? முதன்மையாக ஃபெல்ட். அதாவது, நெய்யாமல், செம்மறி ஆட்டு மயிரைக் கோரைப்பாய் மாதிரியான ஒரு தட்டியில் பரப்பி, வெந்நீர் தெளித்து, சுருட்டி, பல பேர் சேர்ந்து உருட்டி உருட்டி இறுக வைக்கும் துணி. அவர்கள் கூடார வீட்டின் பெயரே 'கியிஸ் உய்', ஃபெல்ட் வீடு. மந்தையை ஓட்டிக்கொண்டு இடம் மாறுகிற குடும்பம் பெரிய தறியைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. அதனால் தரைக்குச் சிர்மாக், தெகெமெத் என்ற ஃபெல்ட் விரிப்புகளைச் செய்தார்கள். முடிச்சுக் கம்பளம் அதிகம் இருந்தது தெற்கே, சிர் தரியா ஆற்றங்கரைப் பக்கம்.

இந்தத் தொடர்ச்சி அறுந்ததற்குக் காரணம் உண்டு. 1930 முதல் 1933 வரை, சோவியத் அரசு மந்தைகளைப் பிடுங்கிக் கூட்டுப்பண்ணையில் சேர்த்தபோது வந்த பஞ்சத்தில் சுமார் 15 லட்சம் பேர் இறந்தார்கள். கால்நடையில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. மயிர் இல்லை, உருட்ட ஆள் இல்லை, இடம்பெயரும் வாழ்க்கையே இல்லை. அப்புறம் சோவியத் கூட்டுறவுப் பட்டறைகளும் ஆலைகளும் வந்தன. துஸ்கியிஸ் என்ற பூத்தையல் துணி தொங்கிய சுவரில் ஆலைக் கம்பளம் தொங்க ஆரம்பித்தது. உங்கள் மகனுக்குக் காட்டியதும் அப்படி ஏதோ ஒரு வீட்டுச் சுவரிலிருந்து இறங்கியதாக இருக்கலாம். சோவியத் சரக்கின் பின்னால் ஆலைச் சீட்டு தைத்திருக்கும். அதைப் பிரித்துவிட்டால் வயது சொல்ல ஆள் இல்லை, 40 வருஷம் 120 ஆகிவிடும். பின்பக்க மூலையில் சதுரமாக, நிறம் மங்காத ஒரு திட்டு இருக்கிறதா என்று தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேதான் சீட்டு இருந்திருக்கும்.

இலவசச் சுவர்த் துணிக்கு வருகிறேன். அதுதான் துஸ்கியிஸ். கொக்கி ஊசியால் போட்ட சங்கிலித் தையல், நம் ஊர் ஆரி வேலை மாதிரியே. ஆனால் '1910' என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர் ரஷ்ய எழுத்தில் இருக்கிறது. கசாக் மொழியை 1929 வரை அரபு எழுத்திலும், பிறகு லத்தீனிலும், 1940 முதல்தான் ரஷ்ய எழுத்திலும் எழுதினார்கள். 1910-ல் ஒரு கிராமத்துப் பெண் தன் பெயரை இப்படித் தைத்திருக்க மாட்டாள். யாரோ ஆண்டைப் பிறகு சேர்த்திருக்கிறார்கள். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. ஒரு பெண் தன் கல்யாணச் சீதனத்துக்காக மாதக்கணக்கில் உட்கார்ந்து தைத்தது அது. உண்மையான வயதைச் சொல்லியே விற்றிருக்கலாம், அந்த வேலைக்கு அந்த மரியாதை போதும்.

அறை பார்த்துக் கொடுத்தவர் கம்பளமும் விற்கிறார் என்பதுதான் எனக்கு முதல் கவலை. அட்மிஷன், அறை, பணம் மாற்றுவது, கம்பளம் எல்லாமே ஒரே கையில் இருக்கும்போது பையனால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. நீங்கள் சொன்னதாகச் சொல்லட்டும். சான்றிதழையும் நம்ப வேண்டாம். விற்கிறவரே அச்சடித்துத் தரும் தாளுக்கு ரசீது அளவுக்குக்கூட மதிப்பில்லை. இன்னொன்று, அது உண்மையிலேயே 120 வருஷப் பொருளாக இருந்தால், நாட்டைவிட்டு எடுத்துப்போக அந்நாட்டுக் கலாச்சாரத் துறையின் நிபுணர் சான்று வேண்டும். "பெட்டியில் போட்டு எடுத்துப் போங்கள், ஒன்றும் ஆகாது" என்கிறவர் ஒன்று வயதில் பொய் சொல்கிறார், இல்லையென்றால் உங்கள் மகனை விமான நிலையத்தில் மாட்டிவிடுகிறார்.

சரி, எதை வாங்கலாம்? முதலில் தம்பி ஒரு விடுமுறை நாளில் அல்மாத்தி கஸ்தேயெவ் கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பழைய வேலைகளைக் கண்ணால் பார்க்கட்டும். அப்புறம் செய்கிறவர்களிடமே புதுச் சிர்மாக் ஒன்று கேட்கட்டும். இரண்டு நிற ஃபெல்ட்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஆட்டுக் கொம்பு வடிவத்தில் ஒரே வெட்டாக வெட்டி, மாற்றிப் பொருத்தித் தைப்பார்கள். பொருத்திய இடத்தில் முறுக்கிய கயிறு ஓடும். கொம்பும் அதைச் சுற்றியுள்ள இடமும் ஒரே வடிவமாக இருக்கும், விரல் வைத்துத் தடவினால் கயிறு தட்டும். வெறும் அச்சு என்றால் ஒன்றும் தட்டாது.

'அலாஷா' கிடைத்தாலும் வாங்கலாம். ஜமக்காளம் மாதிரி மயிரில்லாத நெசவு. இதில் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மற்றக் கம்பளத்தில் நடுவே தையல் இருந்தால் கிழிந்து ஒட்டுப் போட்டது என்று ஒதுக்குவோம். அலாஷாவில் தையல் இருந்தாக வேண்டும். சுருட்டி எடுத்துப் போகிற சிறிய தறியில் முழங்கை அகலத்துக்குப் பட்டை பட்டையாக நெய்து, பிறகு பக்கவாட்டில் சேர்த்துத் தைப்பதுதான் அதன் முறை. பட்டைக்குப் பட்டை டிசைன் கொஞ்சம் விலகியிருக்கும். அதைக் காட்டி "குறைச் சரக்கு, இதோ ஒட்டில்லாதது" என்று ஆலைத் துணியைத் தள்ளிவிடுவார்கள். தையல் உள்ளதையே எடுக்கச் சொல்லுங்கள்.

சிர்மாக்கை மடித்துப் பெட்டியில் திணிக்க வேண்டாம், மடிப்பில் தையல் விட்டுவிடும். சுருட்டித்தான் கொண்டு வரணும். திருச்சி வீட்டில் தரையில் ஈரமில்லாத இடமாகப் பார்த்துப் போடுங்கள். மாதம் ஒருமுறை திருப்பிப் போட்டு நிழலில் தட்டி உலர்த்தினால் அந்துப்பூச்சி அண்டாது.